குளக்கரையில் நிற்கும் சாட்சிகள்: நீச்சல் போட்டியில் தன்னார்வ நடுவர்கள் என்ன செய்கிறார்கள்?

பெங்களூரில் பிள்ளைகளுக்கான எந்த வயதுப்பிரிவு நீச்சல் மீட்டுக்குப் (போட்டிக்குப்) போனாலும் பார்வையாளர் காலரியில் இந்தச் சச்சரவைக் கேட்கலாம். பிள்ளை ஐம்பது மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் முடித்துச் சுவரைத் தொட்டதும் அப்பா தன் கைபேசியைப் பார்க்கிறார். 44.2 விநாடி. சற்று நேரம் கழித்துச் சுவரில் ஒட்டும் ரிசல்ட் ஷீட்டில் 44.61 என்று இருக்கிறது. அடுத்த கட்டப் போட்டிக்கான தகுதி நேரம் 44.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன, "பையனோட டைமை ஏத்திட்டாங்க" என்று தொடங்கி, கீழே வெள்ளைச் சட்டையில் நிற்பவர்கள் மேலெல்லாம் சந்தேகம் பாயும்.

அந்த அப்பா பொய் சொல்லவில்லை. அவருடைய கைபேசியும் பழுதில்லை. ஆனால் காலரியிலிருந்து எடுக்கும் நேரம் உண்மையைவிடக் குறைவாகவே வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். போட்டியைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரிடமிருந்து நாற்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதுக்கு 'பீப்' வந்து சேரவே 0.12 விநாடி ஆகிறது. கேட்ட பிறகு விரல் அசைய இன்னும் 0.2 விநாடி. அவர் அழுத்தும்போது பிள்ளை குதிக்கும் மேடையான பிளாக்கை விட்டுக் கிளம்பியிருக்கும். முடிவில் இது தலைகீழாகிறது. கை சுவரை நெருங்குவது கண்ணுக்குத் தெரிவதால் விரல் முன்கூட்டியே தயாராகி, தொடுவதற்கு ஒரு நொடிப்பொழுது முன்னாலேயே அழுத்திவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சுவருக்கும் விரல்நுனிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தெரியாது. ஆரம்பத்தில் தாமதம், முடிவில் அவசரம். இரண்டும் நேரத்தை ஒரே பக்கமாகக் குறைக்கின்றன.

கீழே நின்று நேரம் எடுக்கும் டைம்கீப்பருக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடங்கள் இந்த இரண்டையும் எதிர்கொள்ளத்தான். ஸ்டார்ட்டர் கருவியில் ஒலியோடு சேர்ந்து ஒரு விளக்கும் மின்னும். காதை நம்பாதே, விளக்கைப் பார் என்பது முதல் பாடம். எட்டாவது லேனில் நிற்பவருக்கு ஒலி தாமதமாக வரும், வெளிச்சத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. இரண்டாவது பாடம், நீச்சல்காரர் கடைசி சில மீட்டருக்குள் வந்ததும் குளத்தின் விளிம்புக்கே போய்க் குனிந்து சுவரை நேர்க்கோட்டில் பார்ப்பது. ஷூ நனையும், முகத்தில் தண்ணீர் அடிக்கும், ஆனாலும் கண் சுவரை விட்டு நகரக் கூடாது. தொடுவதைப் பார்த்த பிறகே அழுத்த வேண்டும். தொடப்போகிறார் என்று ஊகித்து அழுத்துவது நேரம் எடுப்பதாகாது.

வேறு சில ஒழுங்குகளும் உண்டு. உன் கடிகாரம் காட்டியதை அப்படியே எழுது. பக்கத்தில் நிற்பவர் 44.70 என்றதும் உன் 44.58-ஐ 44.65 ஆக்காதே. தலைமை டைம்கீப்பரோ போட்டியின் தலைமை நடுவரான ரெஃப்ரியோ சைகை காட்டும்வரை கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதே. கேட்க எளிதாக இருக்கும். காலை ஏழு மணி தொடங்கி எண்பதாவது ஹீட் (ஒரு தொகுதி நீச்சல்காரர்கள் சேர்ந்து நீந்தும் சுற்று) ஓடும்போது, மத்தியான வெயிலில் இவற்றைக் கைவிடாமல் இருப்பதில்தான் டைம்கீப்பரின் தரம் தெரியும்.

தானியங்கி நேரக்கருவி இல்லாத போட்டியில் ஒரு லேனுக்கு மூன்று டைம்கீப்பர்கள் வேண்டும் என்கிறது உலக நீச்சல் சம்மேளனமான வேர்ல்ட் அக்வாடிக்ஸின் விதி. மூன்றில் இரண்டு கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டினால் அதுவே அதிகாரபூர்வ நேரம். மூன்றும் வெவ்வேறாக இருந்தால் நடுவில் உள்ளது. 44.58, 44.61, 44.72 என்று வந்தால் 44.61. மூன்றின் சராசரி எடுப்பதில்லை. ஒருவர் பெரிதாகத் தவறினாலும் அந்தத் தவறு முடிவுக்குள் நுழையாமல் இருக்க இதுவே வழி. ஒரு கடிகாரம் நின்றுபோய் இரண்டுதான் மிஞ்சியது என்றால் மட்டும் சராசரி. தனி மனிதர் பார்வை பிசகும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தப் பிசகு பிள்ளையின் தலையில் விடியாதபடி அமைத்த ஏற்பாடு இது. நீச்சல் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ரோமில் நடந்தது

பார்வையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1960 ரோம் ஒலிம்பிக்கின் ஆண்கள் நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப்போட்டி சாட்சி. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய சேர்ந்தே தொட்டார்கள். லார்சனின் லேனில் மூன்று கடிகாரங்களும் 55.0, 55.1, 55.1 காட்டின. டெவிட்டின் லேனில் மூன்றுமே 55.2. கடிகாரப்படி வென்றவர் லார்சன். ஆனால் அந்தக் காலத்தில் வரிசையைத் தீர்மானித்தவர்கள் கண்ணால் பார்க்கும் ஃபினிஷ் ஜட்ஜுகள். முதலிடத்தைப் பார்க்க நியமிக்கப்பட்ட மூவரில் இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாமிடத்தைப் பார்க்க நியமிக்கப்பட்ட மூவரில் இருவரோ, இரண்டாவதாக வந்தவர் டெவிட் என்றார்கள். அதாவது ஆறு பேரில் மூவருக்கு டெவிட் முதல், மூவருக்கு லார்சன் முதல். கடைசியில் தலைமை நடுவர் தலையிட்டு, தங்கத்தை டெவிட்டுக்குக் கொடுத்தார். லார்சனின் நேரமும் 55.2 என்று மாற்றி எழுதப்பட்டது.

கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது. ஆறு பேர் ஆளுக்கொன்று சொன்னது மனித இயல்பு. மூன்று பேர் தனித்தனியாக எடுத்த நேரத்தை, முடிவுக்குப் பொருந்தவில்லை என்பதற்காகத் திருத்தியது வேறு விஷயம். பதிவான சாட்சியத்தை அங்கே தீர்ப்புக்கேற்ப வளைத்துவிட்டார்கள்.

தானியங்கி நேரக்கருவியை நோக்கி நீச்சல் உலகம் விரைந்ததற்கு இந்தச் சர்ச்சை ஒரு முக்கியக் காரணம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கை பட்டதும் நேரத்தைப் பதியும், சுவரில் பொருத்திய டச்பேட் வந்தது. பிறகு எதிர்ப்பக்கச் சிக்கல்: அளவுக்கு மீறிய துல்லியம். 1972 மியூனிக்கில் நால்வகை நீச்சலும் சேர்ந்த நானூறு மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் அமெரிக்காவின் டிம் மெக்கீயை 0.002 விநாடியில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வளவு நேரத்தில் ஒருவர் நீந்தக்கூடிய தூரம் சில மில்லிமீட்டர். ஐம்பது மீட்டர் குளத்தின் ஒரு லேன் இன்னொன்றைவிட மூன்று சென்டிமீட்டர்வரை நீளமாக இருக்கலாம் என்று விதியே அனுமதித்த நிலையில், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குப் பதக்கம் கொடுப்பதில் பொருளில்லை. அதன் பிறகு நூற்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். இருவர் அதே எண்ணில் முடித்தால் இருவருக்கும் அதே இடம்.

டச்பேட் வந்துவிட்டதே, இனி மனிதர் எதற்கு என்று கேட்கலாம். ஒன்பது வயதுக் குழந்தை பேக் ஸ்ட்ரோக்கில் மெதுவாக விரல் வைத்தால் பேட் சில சமயம் பதிவு செய்யாது. அப்போது கைக்கடிகாரம்தான் துணை. நகர அளவிலான பல போட்டிகளில் பேடும் இருக்காது. இன்னொன்று, யார் முதலில் தொட்டார் என்பதை மட்டுமே பேட் சொல்லும். ஒரு கையால் தொட்டாரா இரண்டு கையாலா என்பது அதற்குத் தெரியாது.

எத்தனை பேர் வேண்டும்

எட்டு லேன் குளத்தில் விதிப்படி கைக்கடிகார மீட் நடத்த வேண்டுமானால் டைம்கீப்பர் மட்டும் இருபத்து நான்கு பேர். மாற்றுக்கு இருவர், தலைமைக்கு ஒருவர். ஒவ்வொரு லேனின் இரண்டு முனையிலும் திருப்பத்தைப் பார்க்கும் டர்ன் ஜட்ஜ் என்றால் பதினாறு பேர். நீந்தும் முறையைப் பார்க்கும் ஸ்ட்ரோக் ஜட்ஜ் நால்வர், ஸ்டார்ட்டர், ரெஃப்ரி, போட்டிக்கு முன் பெயர் கூப்பிடும் 'கால் ரூமில்' பிள்ளைகளை வரிசைப்படுத்துபவர், பதிவு மேசையில் சிலர், அறிவிப்பாளர். கூட்டிப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டும். ஊர் மீட்டில் இத்தனை பேர் கிடைப்பதில்லை. ஒரு லேனுக்கு ஒரு கடிகாரம், இரண்டு லேனுக்கு ஒரு டர்ன் ஜட்ஜ் என்று சுருக்கி நடத்துகிறார்கள். சுருக்கும் ஒவ்வொரு இடத்திலும் பாதுகாப்பு ஒரு படி குறைகிறது. ஒரே கடிகாரம் என்றால் 'நடுவில் உள்ள நேரம்' என்ற ஏற்பாடே இல்லாமல் போகிறது.

குளக்கரையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பழைய நீச்சல்காரர்கள், உடற்பயிற்சி ஆசிரியர்கள், கிளப்புகளின் கோச்சுகள், சங்கத்தில் பல ஆண்டு உழைத்தவர்கள். காலரியிலோ நூற்றுக்கணக்கில் பெற்றோர். அதில் நம் ஆட்கள் நிறைய. அல்சூரிலிருந்தும் ஃப்ரேசர் டவுனிலிருந்தும் வந்த பழைய பெங்களூர்த் தமிழர், வேலைக்காக ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் குடியேறிய கோவை, மதுரை, திருச்சிக்காரர்கள், பேரனுக்கு டவலும் தயிர்சாதமும் எடுத்துவந்த பாட்டிகள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுபோகும் உழைப்பு இவர்களிடம் இருக்கிறது. ஸ்டாப்வாட்ச் பிடிக்கக் கூப்பிட்டால் மட்டும் "நமக்கு ரூல்ஸ் தெரியாதே சார்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். என் மகள் நீந்தத் தொடங்கிய பிறகுதான் நானும் கீழே இறங்கினேன். அதனால் அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகப் புரியும். அது தேவையில்லாத தயக்கம் என்பதும் தெரியும்.

இந்த ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. 2000-இல் சிட்னிக்குப் போன நிஷா மில்லெட், 2004-இல் ஏதென்ஸ் போன ஷிகா டாண்டன், டோக்கியோவிலும் பாரிஸிலும் நீந்திய ஸ்ரீஹரி நட்ராஜ், பதினான்கு வயதில் பாரிஸ் போன தினிதி தேசிங்கு என்று பெங்களூர் தொடர்ந்து ஒலிம்பிக் நீச்சல்காரர்களைத் தந்திருக்கிறது. பசவனகுடி அக்வாடிக் சென்டர் போன்ற குளங்களில் நடக்கும் போட்டிகள் அந்தப் பாதையின் படிகள். ஒவ்வொரு படியிலும் யாரோ நின்று நேரம் எழுதியிருக்கிறார்கள்.

நேரம் செல்லுபடியாவது என்றால் என்ன என்பதை ஸ்ரீஹரியின் கதையே சொல்லும். டோக்கியோவுக்கான நூறு மீட்டர் பேக் ஸ்ட்ரோக் 'ஏ' தகுதி நேரம் 53.85 விநாடி. 2021 ஜூன் 27, தகுதிக்காலத்தின் கடைசி நாள். ரோமில் நடந்த செட்டே கோல்லி போட்டியின்போது நேரம் எடுப்பதற்காகவே தனியாக நடத்தப்பட்ட டைம் டிரையலில் அவர் 53.77 எடுத்தார். எண் வந்துவிட்டது, ஆனால் வேலை முடியவில்லை. அந்த டைம் டிரையலை உலக சம்மேளனம் ஏற்க வேண்டும். இந்திய நீச்சல் சம்மேளனம் எழுதிக் கேட்டு, சில நாட்களில் ஒப்புதல் வந்த பிறகே அவர் தகுதி பெற்றார். சரியான ஆட்கள், சரியான கருவி, சரியான பதிவு இருந்தால்தான் வேகமாக நீந்தியதற்குக் கணக்கு உண்டு. மாவட்ட மீட்டில் பத்து வயதுப் பிள்ளையின் 44.61-க்கும் இதே நியாயம்தான்.

பார்த்ததை மட்டும் சொல்

டைம்கீப்பர் வேலையைக் காலையில் கற்றுக்கொண்டு மத்தியானம் செய்துவிடலாம். ஸ்ட்ரோக் ஜட்ஜ், டர்ன் ஜட்ஜ் வேலை அப்படியில்லை. இங்கே ஒரு பிள்ளையின் நீச்சல் செல்லாது என்று சொல்லும் பொறுப்பு வருகிறது. எல்லோரும் 'டிக்யூ' என்று அழைப்பது இதைத்தான்.

முதலில் எல்லை. டர்ன் ஜட்ஜ் பார்க்க வேண்டியது முழு நீச்சலையும் அல்ல. சுவரைத் தொடுவதற்கு முந்தைய கடைசிக் கைவீச்சு தொடங்கி, திரும்பிய பிறகு முதல் கைவீச்சு முடியும்வரைதான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் மட்டும் இரண்டாவது கைவீச்சு முடியும்வரை. நடுக்குளத்தில் நடப்பதைப் பார்க்கப் பக்கவாட்டில் நடந்துகொண்டே வரும் ஸ்ட்ரோக் ஜட்ஜ் இருக்கிறார். பக்கத்து லேனில் ஏதோ தப்பு நடந்தமாதிரி ஓரக்கண்ணில் பட்டது என்பதெல்லாம் சாட்சியமாகாது. உன் லேன், உன் எல்லை, உன் கண்.

பிறகு, எதைப் பார்ப்பது. பிள்ளைகள் போட்டியில் பெரும்பாலான டிக்யூ பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வருகிறது. கால்கள் இரண்டும் ஒரே மாதிரி வெளியே உதைக்க வேண்டும். ஒரு கால் கத்திரி போல மடிந்து அடித்தால் போச்சு. திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே சமயத்தில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பிரிந்து தொட வேண்டும். இதில் பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்று: இரண்டு கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒன்று தண்ணீருக்கு மேலும் ஒன்று கீழும் இருந்தாலும், ஒரே நேரத்தில் தொட்டால் போதும். கைகள் மேலும் கீழுமாக இருந்ததை மட்டும் பார்த்து டிக்யூ சீட்டு எழுதும் புது நடுவர் ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்கிறார். பட்டர்ஃபிளையிலும் தொடுவது அப்படியே. கூடவே, கைகள் தண்ணீருக்கு மேலாக முன்னே வர வேண்டும். களைத்த குழந்தை கடைசிப் பத்து மீட்டரில் கையைத் தண்ணீருக்குள்ளேயே இழுத்துக்கொண்டுவரும். பேக் ஸ்ட்ரோக்கில் சுவர் எங்கே என்று கணிக்கத் தெரியாமல் சீக்கிரமே குப்புறப் புரண்டு, காலடித்துக்கொண்டே சுவருக்கு மிதந்து வரும். புரண்டதும் கையை இழுத்து உடனே திரும்பினால் செல்லும். புரண்டுவிட்டு மிதந்து வந்தால் செல்லாது. ஃப்ரீஸ்டைலில் விதி மிகவும் பொறுமையானது. மூச்சு முட்டிய குழந்தை நடுவில் நின்று, தரையில் கால் ஊன்றி, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி நீந்தலாம், அதற்கு டிக்யூ இல்லை. நடக்க மட்டும் கூடாது. இது தெரியாமல் காலரியிலிருந்து "நின்னுட்டான், அவுட்!" என்று கத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். நின்ற குழந்தைக்கு அந்தக் கூச்சல் எவ்வளவு பாரம் என்று யாரும் யோசிப்பதில்லை.

அழகில்லாமல் நீந்துவது குற்றமில்லை. தலை ஆடலாம், இடுப்பு நெளியலாம், கோச் தலையில் அடித்துக்கொள்ளலாம். விதி எதைத் தடுக்கிறதோ அதைத் தெளிவாகப் பார்த்தால் மட்டுமே எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அது பிள்ளைக்கே சாதகம். "இப்படித் தொட்டிருந்தால் முன்னாடியும் அப்படித்தான் தொட்டிருப்பான்" என்ற தர்க்கத்துக்கு இங்கே இடமில்லை. நடுவர் என்பவரைப் பலர் தப்பைத் தேடிப் பிடிக்கும் காவலாளியாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அவர் ஒரு சாட்சி. கண்ணால் கண்டதை ரெஃப்ரியிடம் சொல்வது அவர் கடமை, ஏற்பதும் தள்ளுவதும் ரெஃப்ரியின் முடிவு.

இந்த அளவுகோல் ஒலிம்பிக்கிலும் இதேதான், அதன் போதாமைகளோடு சேர்த்து. 2004 ஏதென்ஸில் நூறு மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஜப்பானின் கொசுகே கிதாஜிமா தண்ணீருக்குள் டால்பின் உதை (இரண்டு காலையும் சேர்த்து மேலும் கீழுமாக அடிப்பது) போட்டதாக அமெரிக்கர்கள் குற்றம் சாட்டினார்கள். அப்போது அந்த உதைக்கு அனுமதி இல்லை. கரையில் நின்ற நடுவர் யாரும் அதை எழுதவில்லை, தங்கம் அவருக்கே. அடுத்த ஆண்டு, தொடக்கத்திலும் திருப்பத்திலும் ஓர் உதையை அனுமதித்து விதியையே மாற்றினார்கள். 2012 லண்டனில் அதே போட்டியில் உலக சாதனையோடு தங்கம் வென்ற தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டெர் பர்க், அனுமதித்ததற்கு மேல் உதைத்ததைப் பிறகு ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். முடிவு மாறவில்லை. கண்ணில் படாதது முடிவில் ஏறாது. இதனால் சில தப்புகள் தப்பித்துப்போகும். ஊகத்தின் பேரில் ஒரு நிரபராதிக்கு டிக்யூ கொடுப்பதைவிட அது மேல் என்பதே இந்த விளையாட்டின் நிலைப்பாடு. நானும் அதையே ஏற்கிறேன்.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பதும் நடுவரின் பாடு. பேக் ஸ்ட்ரோக் முடிவில் உடல் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கினால் முன்பு டிக்யூ. 2023 முதல், தலை கடைசி ஐந்து மீட்டர்க் குறியைத் தாண்டிய பிறகு மூழ்கியபடியே முடிக்கலாம். பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் சீட்டு எழுதினால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். தானே நீந்திய காலத்து விதிகளை நம்பி நிற்கும் முன்னாள் நீச்சல்காரரைவிட, புதிதாகப் படித்துவிட்டு வந்த அம்மா சில நேரங்களில் நல்ல நடுவர்.

அடுத்தது சீட்டு. எந்தப் போட்டி, எந்த லேன், என்ன மீறல் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'டர்ன் தப்பு' என்று எழுதினால் போதாது. 'முதல் திருப்பத்தில் வலது கை மட்டும் தொட்டது' என்று எழுத வேண்டும். ஏதென்ஸில் இருநூறு மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கில் அமெரிக்காவின் ஆரன் பியர்சால் பெரிய இடைவெளியில் முதலாக வந்தார். திருப்பத்தில் தவறு என்று டிக்யூ அறிவித்தார்கள். இரண்டாவதாக வந்த ஆஸ்திரியாவின் மார்கஸ் ரோகன் கொஞ்ச நேரம் தங்கத்துக்கு உரியவராக இருந்தார். அரை மணி நேர அளவில் டிக்யூ ரத்தானது. சம்மேளனம் சொன்ன காரணம்: நடுவர் எழுதிய விளக்கம் போதுமானதாக இல்லை, சம்மேளனத்தின் அலுவல் மொழியிலும் இல்லை. பியர்சால் உண்மையில் தவறு செய்தாரா என்ற கேள்விக்கு அதன் பிறகு இடமே இல்லை. எழுதத் தெரியாத சாட்சியால் ஓர் ஒலிம்பிக் தங்கம் அங்கும் இங்கும் ஆடியது. ஊர் மீட்டில் கோச் வந்து "எதுக்கு சார் டிக்யூ?" என்று கேட்கும்போது அந்தச் சீட்டுதான் பதில். எதிர்ப்பு தெரிவிக்க அணிக்கு உரிமை உண்டு. சர்வதேச விதிப்படி போட்டி முடிந்த முப்பது நிமிடத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். காலரியிலிருந்து கத்துவது எதிர்ப்பாகாது.

"சின்னக் குழந்தைதானே, விட்டுடுங்களேன்." இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பக்கத்து லேனிலும் ஒரு சின்னக் குழந்தைதான் இருக்கிறது. அது இரண்டு கையாலும் தொடக் கற்று, அதற்காகப் பாதி விநாடியை இழந்து, நான்காவதாக வந்திருக்கிறது. இவனை விட்டால் அவனுடைய வெண்கலத்தை எடுத்து இவனுக்குக் கொடுக்கிறேன். இன்னொன்றும் உண்டு. ஒன்பது வயதில் யாரும் சொல்லாத கத்திரிக்கால் பதினான்கில் பழகிப்போய், மாநிலப் போட்டியில் டிக்யூ ஆகும்போது திருத்துவது எவ்வளவு கடினம் என்று எந்தக் கோச்சையும் கேட்டுப்பாருங்கள்.

எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் கருணைக்கு வேலை. அறிவிப்பில் பெயரைக் கேட்டு, ஏன் என்றே தெரியாமல் அழும் குழந்தையை நம் போட்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன். ரெஃப்ரியின் அனுமதியோடு, கோச் பக்கத்தில் இருக்கும்போது, "கண்ணா, ரெண்டாவது டர்ன்ல ஒரு கைதான் பட்டுச்சு, மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் பிள்ளை ஏற்றுக்கொள்கிறது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புகள் ஓடும் இடத்தில் தன் மொழியில் அதைக் கேட்கும் குழந்தையின் முகம் தெளிவதை நேரில் கண்டிருக்கிறேன்.

ரிலேயில் இன்னொரு துயரம் உண்டு. கடைசி அணி முடிக்கும்வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. 2001-இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியப் பெண்கள் 4×200 மீட்டர் ரிலேயில் முதலாவதாக முடித்து, மகிழ்ச்சியில் தண்ணீரில் குதித்தார்கள். மற்ற அணிகள் அப்போது நீந்திக்கொண்டிருந்தன. தங்கம் போயிற்று. நம் பிள்ளைகளும் குதிப்பார்கள். கரையில் நிற்கும் பெரியவர் முன்கூட்டியே "யாரும் இறங்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பாதி டிக்யூ குறையும்.

ஸ்டார்ட்டரும் ரெஃப்ரியும் பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு வரும் இடங்கள். ரெஃப்ரியின் குறுவிசில்கள், பிளாக்கில் ஏறச் சொல்லும் நீண்ட விசில், பிறகு நீட்டிய கை. அந்தக் கை நீண்டதும் போட்டி ஸ்டார்ட்டரிடம் போகிறது. சிக்னலுக்கு முன் கிளம்பினால் டிக்யூ, இரண்டாம் வாய்ப்பு கிடையாது. 2004-இல் ஆஸ்திரேலியத் தேர்வுப் போட்டியில் இயன் தோர்ப் நிலைதடுமாறிக் குளத்தில் விழுந்தபோதும் அதே விதிதான்.

கால் ரூமில் தமிழ் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் இருப்பது பெங்களூரில் தனி உதவி. நம் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் இல்லை, இனிஷியல்தான். நுழைவுப் படிவம் இரண்டு பெயர் கேட்கும், அப்பா பெயர் உள்ளே போகும். அங்கே "முருகேசன், லேன் ஐந்து" என்று கூப்பிட்டால், அது தன் அப்பா என்பதால் பன்னிரண்டு வயது கயல்விழி எழுந்திருக்க மாட்டாள். ஹீட் போய்விடும். இதைப் புரிந்துகொண்டு பட்டியலைப் பார்த்து ஓடிப்போய்க் கூட்டிவர ஓர் ஆள் போதும்.

நடுவராக நிற்கும் பெற்றோர் மேல் வரும் சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியாது. என் மகள் நீந்தும் ஹீட்டில் அவள் லேனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். எந்த விதியும் வற்புறுத்தாவிட்டாலும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்றே சொல்வேன். கரையில் இருக்கும்போது தன் கிளப்புக்குக் கைதட்டுவது, மகனுக்கு நுணுக்கம் சொல்வது, கைபேசியில் படம் எடுப்பது எதுவும் கூடாது. குழந்தைகள் நீச்சலுடையில் இருக்கும் இடம் இது. உடைமாற்றும் அறைப் பக்கம் போகாமலும், பிள்ளையோடு தனியாக இருக்க நேராமலும் பார்த்துக்கொள்வது அவர்களுக்கும் நமக்கும் பாதுகாப்பு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அமெரிக்க நீச்சல் அமைப்பில் நடுவராகப் பதிவு செய்பவர் பின்னணிச் சோதனையும் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். இங்கும் ஒவ்வொரு மீட்டிலும் அது கட்டாயமாக வேண்டும்.

தொடங்குவது எளிது. பிள்ளையின் கோச்சிடம், அடுத்த மீட்டுக்கு டைம்கீப்பர் தேவையா என்று கேட்டால் போதும், வேண்டாம் என்று சொல்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. முதல் நாள் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று, அவர் எடுத்த நேரத்தோடு உங்கள் நேரத்தை ஹீட் முடிந்த பிறகு ஒப்பிட்டுப்பாருங்கள். பத்து, பன்னிரண்டு ஹீட்டில் விரல் பழகிவிடும். வேர்ல்ட் அக்வாடிக்ஸ் நீச்சல் விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீச்சல் பகுதியை ஒரு மாலையில் படித்துவிடலாம். டர்ன் ஜட்ஜாக விருப்பம் இருந்தால் கர்நாடக நீச்சல் சங்கத்தில் கேட்டு, நடுவர் பயிற்சி வகுப்பு எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை, வழுக்காத செருப்பு, தொப்பி, தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா. பேனா இரண்டு வேண்டும், நனைந்த காகிதத்தில் ஒன்று எப்படியும் மக்கர் பண்ணும்.